மைக் ஜாக்கைப் பார்த்து ஹேண்டிகேம் வாங்குங்கள்

கடையில் ஹேண்டிகேமைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் ஜூம் விசையைத்தான் தள்ளிப் பார்க்கிறார்கள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை கண்முன்னே வந்து நிற்கிறது. முகம் மலர்ந்து, உடனே விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திரையைத் திறந்து, உடம்பைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன மூடிகளை நகத்தால் நெம்பிப் பாருங்கள். வெளி மைக்கைச் செருகும் 3.5 மி.மீ. வட்டத் துளை (அதுதான் மைக் ஜாக்) ஒன்று, பக்கத்தில் மைக் என்ற எழுத்தோ படமோ போட்டு, இருக்கிறதா? இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒருமுறை யோசியுங்கள்.

இணையத்தில் வீடியோ பார்ப்பவர்கள் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். கேமராவுக்குள்ளேயே இருக்கும் மைக் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். பேசுபவர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கேமராவுக்கு மேலே மின்விசிறி ஐந்தடியில் சுற்றுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே கேமராவுக்கு மின்விசிறிதான் நெருங்கிய சொந்தம், பேசுபவர் தூரத்து உறவு. இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் உண்டு. விலை குறைந்த கேமராக்கள் ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். பேசுபவர் மூச்சுவிட ஒரு கணம் நிறுத்தினால், சத்தம் குறைந்துவிட்டது என்று கேமரா ஒலியை ஏற்றும். மின்விசிறி இரைச்சல் அலைபோல எழும்பும், மறுபடி பேசத் தொடங்கியதும் அமுங்கும். ஒரு மணி நேர வகுப்பு முழுக்க இது மூச்சிரைப்பு போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். எடிட்டிங்கில் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. பேசுபவரின் சட்டையில் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் காலர் மைக் ஒன்றைக் குத்திவிட்டால் பிரச்சினை தொடங்குவதே இல்லை. அந்த மைக்கைச் செருக கேமராவில் இடம் வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த ஒரு கண்ணோட்டத்தோடு பார்த்தாலே பட்டியல் சுருங்கிவிடும். அதிகம் கண்ணில் படும் மூன்றை எடுத்துக்கொள்வோம். சோனி எச்டிஆர் சிஎக்ஸ்405, 2015இல் வந்தது. 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸ் கண்ணாடியாலேயே நடப்பது), நல்ல நடுக்கத் தடுப்பு, நொடிக்கு 50 மெகாபிட் வரை பதியும் எக்ஸ்ஏவிசி எஸ் முறை எல்லாம் உண்டு. மைக் ஜாக் கிடையாது. பானாசோனிக் எச்சி வி180இல் ஜூம் 50 மடங்கு. அதிலும் மைக் ஜாக் கிடையாது. கேனன் லெக்ரியா எச்எஃப் ஆர்806, 2017இல் வந்தது. 32 மடங்கு ஜூம், மைக் ஜாக் உண்டு, ஹெட்ஃபோன் ஜாக்கும் உண்டு. பதிவாகும்போதே காதில் கேட்டுக்கொள்ள முடிவது பெரிய வரம். மைக் பின் சரியாகச் செருகப்படாமல் ஒரு மணி நேரம் வீணாகும் விபத்து அதோடு நின்றுவிடும். வகுப்பு, சொற்பொழிவு, நேர்காணல், சமையல் என்று பேச்சு முக்கியமான எதற்கும் நான் இந்த மூன்றில் கேனனைத்தான் சொல்வேன், படத் தரத்தில் சோனி ஒரு படி மேல் என்றாலும்.

கேனனின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அதன் லென்ஸ் போதுமான அளவு விரிந்து பார்க்காது. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிடும் கணக்கில் (எண் குறையக் குறைய அகலம் கூடும்) சோனி 26.8 மி.மீ.யில் தொடங்குகிறது, கேனன் ஏறக்குறைய 38.5 மி.மீ.யில். எட்டடி தள்ளி வைத்தால் சோனியில் சுமார் 11 அடி அகலம் அடங்கும், கேனனில் 8 அடிக்கும் குறைவு. பத்துக்குப் பத்து அறையில் ஒருவரை உட்காரவைத்து எடுக்க இது போதும். கரும்பலகை முழுவதும், கூடவே ஆசிரியரும் என்றால் முதுகு சுவரில் முட்டும். வாங்குவதற்கு முன் அறையில் கேமரா நிற்கப்போகும் இடத்திலிருந்து பலகை வரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

"செல்போனே இதைவிட நன்றாக எடுக்குமே" என்று யாராவது சொல்வார்கள். பல விஷயங்களில் அது உண்மை. விலை குறைந்த ஹேண்டிகேம்களின் சென்சார் மிகச் சிறியது. சோனி சிஎக்ஸ்405இலும் பானாசோனிக் வி180இலும் 1/5.8 அங்குலம். மூலைக்கு மூலை அளந்தால் 3 மி.மீ. சொச்சம், ஒரு பச்சரிசியின் பாதி நீளம். இன்றைய நடுத்தர செல்போனின் முதன்மை கேமரா சென்சார் இதைவிடப் பல மடங்கு பரப்புள்ளது. வெளிச்சம் குறைந்த அறையில் செல்போன்தான் சுத்தமான படம் தரும். ஆகவே மேசையில் வைத்து ஐந்து நிமிடம் பேசுவதுதான் வேலை என்றால் ஹேண்டிகேம் வேண்டாம், அந்தப் பணத்தை மைக்குக்கும் விளக்குக்கும் போடுங்கள்.

ஹேண்டிகேம் தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது வேறு இடத்தில். மார்கழிக் கச்சேரியில் பின்வரிசையிலிருந்து மிருதங்கக்காரரின் விரல்களை எடுக்க வேண்டும். பள்ளி ஆண்டுவிழா மூன்று மணி நேரம் ஓடும். கபடி ஆட்டத்தில் ரெய்டு போகிறவரைத் துரத்த வேண்டும். இங்கெல்லாம் உண்மையான கண்ணாடி ஜூம் வேண்டும், சூடேறி நிற்காத உடம்பு வேண்டும், மாற்றிப் போடும் பேட்டரி வேண்டும். நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுபடக் கூடாது. ஸ்டில் கேமராக்களில் நீண்ட காலம் 29 நிமிடம் 59 நொடி என்ற வரம்பு இருந்தது. 30 நிமிடம் தாண்டினால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமராவாகக் கணக்கிடப்பட்டுச் சுங்கவரி ஏறும் என்பதே காரணம். ஹேண்டிகேம் பிறப்பிலேயே வீடியோ கேமரா என்பதால் அந்தத் தொல்லை அதற்கு இல்லை. கார்டு நிறையும்வரை ஓடும்.

இணையக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு, 4கே, 48 மெகாபிக்சல், 18 மடங்கு டிஜிட்டல் ஜூம் என்று விளம்பரத்தோடு, கேள்விப்படாத பெயர்களில் கேம்கார்டர்கள் வரும். விளம்பரத்தில் 'டிஜிட்டல்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். ஆப்டிகல் ஜூம் என்ற பேச்சே இருக்காது. பெரும்பாலானவற்றில் இருப்பது வெப்கேமுக்குப் போடும் ரகத்து நிலையான லென்ஸ். ஃபோகஸ் ஓரிடத்தில் பூட்டியிருக்கும், கிட்டே பிடித்தால் மங்கும். 4கே என்பது சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. ஒலிக்கு மைக் துளை தந்திருந்தாலும் இதை வாங்காதீர்கள். நல்ல நிறுவனத்தின் பத்து வருடப் பழைய ஹேண்டிகேம் இதைவிட எவ்வளவோ மேல்.

ஜூம் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 30க்கும் 50க்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசிவரை இழுத்த ஜூமில் ஸ்டாண்டு இல்லாமல் எடுக்க முடியாது, சாதாரண ஸ்டாண்டில் யாராவது பக்கத்தில் நடந்தாலே படம் ஆடும். அதைவிட முக்கியமானது, ஜூம் இழுக்க இழுக்க லென்ஸின் வாய் சுருங்குவது. சோனி 405இல் விரிந்த முனையில் எஃப்/1.8, இழுத்த முனையில் எஃப்/4 (எண் கூடினால் வாய் சுருங்கியது என்று பொருள்). கணக்குப் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுத்த படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் மின்னுவது இதனால்தான். முன்னே போய் எடுக்க வழியிருந்தால் போய்விடுங்கள். அந்தப் பதினைந்தடி நடை எந்த விலையுயர்ந்த மாடலையும்விடப் பலன் தரும்.

அடுத்தது மின்சாரம். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த ஹேண்டிகேம் நம் ஊர் ட்யூப்லைட்டின் கீழ் ஏன் துடிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 நொடி திறந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், எல்லா ஃப்ரேமும் ஒரே வெளிச்சம். அமெரிக்க மாடல் 1/60 நொடி திறக்கும். ஒன்றே முக்கால் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவாக விழும், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறும், பின்சுவரில் பட்டைகள் மெல்ல ஏறி இறங்கும். ஷட்டரை 1/100இல் பூட்ட முடிந்தால் தப்பலாம், ஆனால் மலிவு மாடல்கள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. சென்னை பர்மா பஜாரிலோ பழைய பொருள் விற்பவரிடமோ வாங்கும்போது மெனுவைத் திறந்து பதிவு முறையைப் பாருங்கள். 50பி (நொடிக்கு 50 முழுப் படம்), 25பி, 50ஐ என்று இருந்தால் நம் ஊருக்கான மாடல். 60பி, 60ஐ என்று இருந்தால் வெயிலில் மட்டும் எடுப்பவர்களுக்குச் சரி. இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி இந்த ரகத்தில் அபூர்வம்.

அதே மெனுவில் 50ஐ என்பதைத் தொடாதீர்கள். அது பழைய டிவிக்கான முறை. ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வேறுவேறு நேரத்தில் பதியும். கணினியில் போட்டால் கையசைவின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். ஆட்டம், விளையாட்டு என்றால் 50பி, உட்கார்ந்து பேசுவது என்றால் 25பி போதும். பழைய கேமராவில் 50ஐ மட்டுமே இருந்தால், எடிட்டிங் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்துவிட்டுத்தான் (அந்த வரிகளை முழுப் படமாக்கிவிட்டுத்தான்) இணையத்தில் ஏற்ற வேண்டும்.

கார்டு விஷயத்தில் வேகத்தைவிட நம்பகம் முக்கியம். நொடிக்கு 50 மெகாபிட் என்பது 6.25 மெகாபைட். கிளாஸ் 10 கார்டு 10 மெகாபைட்டுக்கு உத்தரவாதம் தருகிறது, ஆகவே அதுவே போதும். விலை கூடிய வி30, வி60 எல்லாம் இந்தக் கேமராவுக்கு வீண் செலவு. மணிக்கு 22.5 ஜிபி ஆகும், 64 ஜிபி கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் பதியலாம். 28 மெகாபிட் ஏவிசிஎச்டி என்ற இன்னொரு பதிவு முறையில் அதே கார்டு ஐந்து மணி நேரம் வரும். சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் முறைக்கு 64 ஜிபி மைக்ரோ எஸ்டிஎக்ஸ்சி கார்டாகவே வாங்குங்கள். சின்னப் பழைய கார்டில் அந்த முறை வேலை செய்யாமல் போகலாம். போலிக் கார்டுகள் சந்தையில் ஏராளம். 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8தான் இருக்கும், அதற்கு மேல் பதிவது எல்லாம் காற்றோடு போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். இரண்டு மணி நேரம் ஆனாலும் புதுக் கார்டுக்கு இதைச் செய்யாமல் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏவிசிஎச்டியில் எடுப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும்போது. நீண்ட பதிவைக் கேமரா தானாகவே துண்டு துண்டாக வெட்டிச் சேமிக்கும். அந்த வீடியோத் துண்டுகளான எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டு வரிசையாக ஒட்டினால் சேரும் இடத்தில் பாட்டு ஒரு கணம் துள்ளும். கார்டில் உள்ள பிரைவேட் என்ற கோப்புறையை அப்படியே முழுதாக நகலெடுத்து வையுங்கள், கேமரா நிறுவனத்தின் மென்பொருள் துண்டுகளை இடைவெளியில்லாமல் இணைத்துத் தரும். இன்னொன்று, ஏவிசிஎச்டியின் ஒலி டால்பி முறையில் இருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்களில் படம் வரும், சத்தம் வராது. கேமரா பழுதென்று பயப்பட வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச நிரலில் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். எம்பி4 முறை இருந்தால் தொடக்கத்திலிருந்தே அதில் எடுப்பது நிம்மதி.

இனி மைக்குக்கு வருவோம். நம் ஊரில் அதிகம் புழங்கும் போயா பிஒய்-எம்1 காலர் மைக்கில் 6 மீட்டர் வயர் இருக்கும், நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு விசை. செல்போன் ஒரு பக்கம், கேமரா மறுபக்கம். கேமரா பக்கம் தள்ளினால்தான் உள்ளே உள்ள எல்ஆர்44 பொத்தான் பேட்டரி வேலை செய்யும். பதிவு முடிந்ததும் விசையைத் திருப்பி வைக்க மறந்தால் பேட்டரி தீர்ந்து, பிறகொரு நாள் ஒரு சத்தமும் வராது. பையில் இரண்டு உபரி பேட்டரி போட்டு வையுங்கள், இருபது ரூபாய் விஷயம். வேறு மைக் வாங்கினால் பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் செல்போன் பின், இரண்டு இருந்தால் கேமரா பின். செல்போன் பின்னை நேராகக் கேமராவில் செருகினால் கரகரப்போ அமைதியோதான் மிஞ்சும், மாற்றும் அடாப்டர் தேவை.

மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டு மிக்சரிலிருந்து நேரே கேமராவுக்கு வயர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். மிக்சரின் லைன் அவுட்டில் வரும் மின்னழுத்தம் மைக் தருவதைவிட நூறு மடங்கு அளவில் பெரியது. அதைக் கேமராவின் மைக் துளையில் விட்டால் பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குரல் கிழியும். கேமராவில் அளவைக் குறைத்தாலும் பயனில்லை, கிழிவது நுழைவாயிலிலேயே. நடுவில் ஒலியை 40 டெசிபல் அளவுக்குத் தணிக்கும் அட்டனுவேட்டர் வயர் போட வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும், சால்டரிங் தெரிந்தவர் இரண்டு ரெசிஸ்டர் வைத்தே செய்து தருவார். அப்படியும் ஊம் என்று ஒரு சத்தம் ஓடினால், கேமராவும் மிக்சரும் வேறுவேறு பிளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் காரணமாக இருக்கும். கேமராவின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் உடனே நின்றுவிடும்.

மைக் ஜாக் இல்லாத கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. காலர் மைக்கைச் செல்போனில் செருகி, போனைப் பேசுபவரின் சட்டைப் பையில் வைத்துத் தனியாகப் பதியுங்கள். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்குத் தெரிய ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலின் கூர்முனையை வைத்து இரண்டையும் பொருத்தலாம். ஒரு மணி நேரம் தாண்டினால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் சில ஃப்ரேம் விலகும், உதடும் குரலும் பொருந்தாது. கடைசியிலும் ஒரு கை தட்டு இருந்தால் எவ்வளவு விலகியது என்று தெரியும்.

படத்தில் கவனிக்க வேண்டியது மூன்றே. மேடையில் வெள்ளை வேட்டி, பின்னால் கறுப்புத் திரை, மேலே ஸ்பாட்லைட். கேமரா கறுப்பைப் பார்த்துப் படத்தை வெளுப்பாக்கும். வேட்டியின் மடிப்பு மறையும், நெற்றியும் கன்னமும் சுண்ணாம்பு அடித்தது போலாகும். மெனுவில் ஸ்பாட்லைட் முறை இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்போஷரை மடிப்பு திரும்பத் தெரியும்வரை குறையுங்கள். ஒயிட் பேலன்சையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) அந்த வேட்டியை வைத்தே பூட்டிவிடலாம், நடுவில் கேமரா தானாக நிறத்தை மாற்றிக்கொண்டிருக்காது. ஸ்டாண்டில் வைத்ததும் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் கேமராவைத் திருப்பி நிறுத்திய பிறகும் படம் கொஞ்சம் வழுக்கிச் செல்லும்.

புது மாடல்கள் வருவது குறைந்துவிட்டதால் பலரும் பழையதைத்தான் வாங்கப்போகிறீர்கள். டேப் போடும் மாடலும் ஹார்ட் டிஸ்க் மாடலும் வேண்டாம். முதலாவதை இன்றைய கணினியில் இணைப்பதே பெரும்பாடு. இரண்டாவதில் டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று. லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்க் கேமராக்களில் இது அதிகம், சுத்தம் செய்யும் கூலி கேமரா விலையைத் தொடும். திரையைத் திறந்து மூடி, முழுதாகத் திருப்பி, இருபது தடவை ஆட்டுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் கறுத்துப்போனால் கீலுக்குள் ஓடும் ரிப்பன் வயர் தேய்ந்திருக்கிறது. லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டே ஒரு நிமிடம் பதிந்தால் பழுதான பிக்சல்கள் சிவப்பும் நீலமுமாகக் கண் சிமிட்டும். முழு ஜூமில் தெருமுனையைக் காட்டி ஃபோகஸ் பிடிக்க விடுங்கள். இரண்டு நொடிக்கு மேல் முன்னும் பின்னும் தேடினால் லென்ஸ் மோட்டார் களைத்துவிட்டது. பவர் பேங்க் வயரைச் செருகி ரெக்கார்டு பொத்தானை அழுத்துங்கள். கணினியோடு இணைக்கிறேன் என்று திரை மாறிவிட்டால், சார்ஜ் ஏறிக்கொண்டே பதியாது என்று அர்த்தம், உபரி பேட்டரி விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

போகும்போது உங்கள் கார்டும் காலர் மைக்கும் கையோடு இருக்கட்டும். கடைக்காரரை ஐந்து நிமிடம் பேசவிட்டு, மைக்கோடும் மைக் இல்லாமலும் பதிந்து, கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். பணம் அடுத்த நாள் கொடுக்கலாம்.